வலையின் இந்தப் பக்கம் இரண்டு பேர்

(எட்டயபுரத்தில் நடந்த ஒரு பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எட்டயபுரத்துக்குப் பேச வருகிறவர்கள் பாரதியைப் பற்றிப் பேசுவார்கள். உமறுப் புலவரைப் பற்றிப் பேசுவார்கள். சங்கீதம் தெரிந்தவர்கள் முத்துசுவாமி தீட்சிதரைப் பற்றிப் பேசுவார்கள். நான் டென்னிஸைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அழைப்பிதழைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர் வாசலிலேயே கேட்டுவிட்டார்: "கரிசல்ல டென்னிஸா தம்பி?"

நியாயமான கேள்விதான். நம் மண் அதற்கு ஒத்துவராது. மழை பெய்தால் காலைப் பிடித்து இழுக்கும்; கோடை வந்தால் விரல் போகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். இதில் பந்து எங்கே எழும்பும்? பருத்திக்கும் மிளகாய்க்கும் கம்புக்கும் உளுந்துக்கும் வாகான மண் இது. டென்னிஸ் கோர்ட் போட வேண்டுமென்றால் மேல்மண்ணை வழித்தெடுத்துவிட்டு வெளியிலிருந்து செம்மண்ணும் சரளையும் கொண்டுவந்து கொட்ட வேண்டும்; இல்லாவிட்டால் சிமெண்ட் போட வேண்டும். ஆனால் ஹாக்கி மட்டும் இந்த மண்ணில் தானாகவா முளைத்தது? ஹாக்கி என்றாலே கோவில்பட்டி என்று தமிழ்நாடு சொல்கிறதே, அது எப்படி வந்தது? சிலர் ஆடினார்கள், சிலர் ஆடவைத்தார்கள், ஊர் கூடி நின்று பார்த்தது. மண்ணா முக்கியம்? மனிதர்கள்தாம்.

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், மகளிர் இரட்டையர் டென்னிஸின் தொடக்க காலம். அந்த ஆட்டத்தை முதலில் வென்றவர்கள் யார், நம் நாட்டிலிருந்து அந்தப் பெரிய மைதானங்களுக்கு முதலில் போன பெண்கள் யார், அவர்களுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் யார்? இந்த மூன்றாவது கேள்விக்காகத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு நிமிடம். டென்னிஸ் கோர்ட் 78 அடி நீளம். ஒற்றையர் ஆடும்போது அகலம் 27 அடி. இரட்டையர் ஆடும்போது இரு பக்கமும் நாலரை நாலரை அடி சேர்த்து 36 அடி. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆள் இரண்டு மடங்கு ஆகிறது; இடம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. அப்படியென்றால் என்ன? இரண்டு பேர் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் ஆடத் தெரிய வேண்டும். ஒருத்தி பின்னால் நின்று சர்வ் போடுவாள்; மற்றவள் வலையருகே குனிந்து நின்று, முதுகுக்குப் பின்னால் கையை வைத்து விரலால் சைகை காட்டுவாள். "நான் எடுக்கிறேன்", "நீ எடு", "விடு, வெளியே போகிறது" என்று ஓயாமல் பேச்சு நடக்கும். நடுவில் வரும் பந்தை இருவரும் விட்டுவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள் பாருங்கள், அதைவிடப் பெரிய வேடிக்கை கிடையாது. நம் வீடுகளில் தினமும் நடப்பதுதான்!

சரி, கதைக்கு வருவோம். 1884ஆம் ஆண்டு லண்டனுக்குப் பக்கத்தில் விம்பிள்டனில் முதன்முதலாகப் பெண்களுக்கு ஒற்றையர் போட்டி வைத்தார்கள். ஆடியவர்கள் பதின்மூன்று பேர். இறுதி ஆட்டத்தில் அக்காவும் தங்கையும் மோதினார்கள். மாட் வாட்சன் தன் அக்கா லிலியனை வென்றார். அந்த ஆண்டு இந்த எட்டயபுரத்தில் நம் பாரதி, அன்றைய சுப்பையா, ஒன்றரை வயதுக் குழந்தை. அதே ஆண்டு விம்பிள்டனில் ஆண்களுக்கு இரட்டையர் போட்டியும் தொடங்கிவிட்டது. பெண்களுக்கு? இடையில் சில ஆண்டுகள் ஒப்புக்கு நடத்தினார்கள், பிறகு நிறுத்தினார்கள். முறையான சாம்பியன் பட்டமாக மகளிர் இரட்டையர் வந்தது 1913இல். இருபத்தொன்பது ஆண்டுகள்! ஒன்றரை வயதுக் குழந்தை வளர்ந்து, கவிஞனாகி, நாடு கடந்து புதுச்சேரியில் வாழ்ந்துகொண்டிருந்த காலம் வந்துவிட்டது.

அந்த முதல் பட்டத்தை வென்றவர்கள் இருவர். ஒருவர் டோரா பூத்பி, இன்னொருவர் வினிஃப்ரெட் மெக்நேர். இந்த டோரா பூத்பியின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

இவர் 1909இல் விம்பிள்டன் ஒற்றையர் சாம்பியன். சாதாரண ஆள் கிடையாது. இரண்டு ஆண்டு கழித்து, 1911இல், பட்டத்துக்கான ஆட்டத்தில் டொரோதியா லாம்பர்ட் சேம்பர்ஸ் என்பவரை எதிர்த்து நின்றார். சேம்பர்ஸ், விம்பிள்டன் ஒற்றையரை மொத்தம் ஏழு முறை வென்றவர். அன்று என்ன நடந்தது தெரியுமா? 6–0, 6–0. ஒரு கேம்கூட பூத்பிக்குக் கிடைக்கவில்லை. உலகமே பார்க்கிற மைதானத்தில் ஒரு முன்னாள் சாம்பியன் இப்படித் தோற்றால், நம் ஊராக இருந்தால் என்ன சொல்வோம்? "போதும்மா, வீட்டுக்கு வா. இதெல்லாம் நமக்கு எதுக்கு?" என்று சொல்வோம். சொல்ல மாட்டோமா? சொல்வோம். ஆண் பிள்ளை தோற்றால் "அடுத்த தடவை பாத்துக்கலாம்டா" என்போம். பெண் பிள்ளை தோற்றால் மட்டையைப் பரண்மேல் போட்டுவிடுவோம்.

டோரா பூத்பி மட்டையைப் பரண்மேல் போடவில்லை. பக்கத்தில் ஒரு துணையைச் சேர்த்துக்கொண்டார். 1913 இறுதி ஆட்டம். எதிரே யார்? அதே சேம்பர்ஸ்! அவருக்குத் துணையாக சார்லட் ஸ்டெரி. இந்த ஸ்டெரியும் லேசுப்பட்டவர் இல்லை. 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் டென்னிஸ் ஒற்றையரை வென்றவர், விம்பிள்டனை ஐந்து முறை வென்றவர், காது கேட்காதவர். பூத்பியும் மெக்நேரும் முதல் செட்டை 4–6 என்று இழந்தார்கள். இரண்டாவதிலும் 2–4 என்று பின்தங்கியிருந்தார்கள். அந்த நேரத்தில் எதிரணியால் ஆட்டத்தைத் தொடர முடியாமல் போயிற்று. பட்டம் இவர்களுக்கு.

"இது அதிர்ஷ்டம்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். அதிர்ஷ்டம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதிர்ஷ்டம் வந்தபோது பூத்பி எங்கே இருந்தார்? கோர்ட்டில் இருந்தார். 1911இலேயே வீட்டுக்குப் போயிருந்தால் அந்த அதிர்ஷ்டம் அவரைத் தேடி வீட்டுக்கு வந்திருக்குமா?

மெக்நேரின் கதை இதைவிட எனக்குப் பிடிக்கும். அந்தப் பட்டத்துக்குப் பிறகு உலகப் போர் வந்துவிட்டது. ஆட்டங்கள் நின்றன. 1920இல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் முதல்முறையாக மகளிர் இரட்டையர் போட்டி சேர்த்தார்கள். கிட்டி மெக்கேன் என்ற இளம் வீராங்கனையைத் துணையாகக் கொண்டு மெக்நேர் தங்கப் பதக்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 43. தாய்மார்களே, நாற்பத்து மூன்று! நம் ஊரில் அந்த வயதில் ஒரு பெண் ஓடினால் பஸ்ஸுக்கு ஓடுகிறாள் என்றுதான் நினைப்போம். ஒற்றையரில் அந்த வயதில் தங்கம் வெல்வது நடக்காத காரியம். இரட்டையரில் நடந்தது. எட்டாத பந்துக்கு இளையவள் ஓடினாள், எங்கே அடிக்க வேண்டும் என்பது மூத்தவளுக்குத் தெரிந்திருந்தது.

இங்கே நம் ஊர்க்காரர் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1905 இறுதியில் காசியில் காங்கிரஸ் மாநாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் பாரதி கல்கத்தா பக்கம் சகோதரி நிவேதிதையைப் பார்த்தார். திருமணம் ஆகிவிட்டதா, மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்று நிவேதிதை கேட்டார். அந்தக் கேள்வி பாரதியைக் குடைந்துகொண்டே இருந்தது. அவரையே குருவாக ஏற்றார், நூல்களை அவருக்குக் காணிக்கையாக்கினார். எல்லோருக்கும் தெரிந்த செய்திதான். நான் அதை ஒரு ஆட்டக்காரன் கண்ணோடு பார்க்கிறேன். இரட்டையர் ஆட வந்திருக்கிறாய், பாதி அணியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாயே! இதுதானே நிவேதிதையின் கேள்வி?

இப்போது நம் நாட்டுக்கு வருவோம்.

1929இல் ஜென்னி சாண்டிசன் என்ற ஆங்கிலோ இந்தியப் பெண் இந்தியாவிலிருந்து போய் விம்பிள்டனில் ஆடினார். ஐந்து ஆண்டு கழித்து, 1934இல் லீலா ராவ் போனார். விம்பிள்டனில் ஒரு ஆட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண் இவர்தான். வயது 22. எதிரே கிளாடிஸ் சவுத்வெல். முதல் செட் 4–6 தோல்வி. இரண்டாவது செட் போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. அந்தக் காலத்தில் டைபிரேக் கிடையாது. இரண்டு கேம் முந்தும்வரை ஆடித்தான் ஆக வேண்டும். ஆறுக்கு ஆறு, ஏழுக்கு ஏழு, எட்டுக்கு எட்டு! அதற்கு மேல்தான் லீலா முந்தினார். 10–8. மூன்றாவது செட்டில் சவுத்வெல்லிடம் மிச்சம் எதுவும் இல்லை, 6–2. அடுத்த சுற்றில் பிரான்ஸின் இடா அடமோஃபிடம் தோற்றார். ஆனால் அந்தப் பதினெட்டுக் கேம் செட் இருக்கிறதே, அடிமை நாட்டிலிருந்து போன ஒரு பெண் ஆங்கிலேயரின் புல்தரையில் விட்டுக்கொடுக்காமல் நின்ற அந்தச் செட், அதை நான் பெரிதாகவே நினைக்கிறேன். நம் பாடப்புத்தகங்களில் அதற்கு இரண்டு வரி இடம் கொடுத்தால் என்ன?

லீலா ராவ் அகில இந்திய ஒற்றையர் பட்டத்தைப் பலமுறை வென்றவர். அதெல்லாம் இருக்கட்டும். இவருக்குப் பக்கத்தில் நின்றவர் யார் என்று பாருங்கள். இவர் தாயார் பண்டிதை க்ஷமா ராவ். புனேயில் பிறந்தவர், சமஸ்கிருதக் கவிஞர். இவரும் டென்னிஸ் ஆடுவார். பம்பாய்ப் போட்டிகளில் பட்டம் வாங்கியவர். ஒரு கையில் எழுதுகோல், ஒரு கையில் டென்னிஸ் மட்டை. பிள்ளைகள் படுத்த பிறகு கவிதை எழுதிய பெண்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். கவிதையும் எழுதி, கோர்ட்டுக்கும் போய், மகளையும் கோர்ட்டுக்கு அனுப்பிய ஒரு தாயை அந்தக் காலத்தில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

அந்த அம்மையார் எழுதியது என்ன? காந்தியின் போராட்டத்தைச் சமஸ்கிருதக் காவியமாகப் பாடினார். 'சத்யாக்ரஹ கீதை' என்று பெயர். 1932இல் அது அச்சாகி வெளிவந்தது. எங்கே? பம்பாயில் இல்லை, புனேயில் இல்லை. பாரிஸில்! எட்டயபுரத்துக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பிரிட்டிஷ் போலீஸின் கை எட்டாத பிரெஞ்சு மண்ணில் உட்கார்ந்து எழுதுவது, அச்சிடுவது என்பதெல்லாம் உங்கள் ஊர்ப்பிள்ளை 1908இலேயே புதுச்சேரிக்குப் போய்ச் செய்துகாட்டிய காரியம் அல்லவா? 'இந்தியா' பத்திரிகை அங்கிருந்துதானே வந்தது?

வரிசையாக வைத்துப் பாருங்கள். 1932இல் தாயின் புத்தகம் பாரிஸில். 1934இல் மகளின் வெற்றி விம்பிள்டனில். தாய் ஆங்கிலேய ஆட்சியைக் கவிதையால் எதிர்த்தார். மகள் ஆங்கிலேயரின் ஆட்டத்தை ஆங்கிலேயர் ஊருக்கே போய் ஆடினார். இந்த இருவரையும் ஒரே வலையின் ஒரே பக்கத்தில் நின்ற இரட்டையர் என்று நான் சொன்னால் மறுப்பீர்களா?

பிறகு லீலா ஹரீஷ்வர் தயாள் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியை மணந்தார். தயாள் சிக்கிமில் இருந்தார். பின்னர் நேபாளத்தில் இந்தியத் தூதராக இருந்தார். 1964இல் இமயமலைப் பயணத்தின்போது அங்கேயே இறந்துபோனார். லீலா மட்டையை வைத்துவிட்டு எழுதுகோலை எடுத்தார். தாயின் படைப்புகளை ஒட்டிச் சமஸ்கிருத நாடகங்கள் எழுதினார், நாட்டியத்தைப் பற்றி எழுதினார். தாய் மகளைக் கோர்ட்டுக்கு அனுப்பினார்; மகள் தாயின் கதைகளை மேடைக்குக் கொண்டுபோனார்.

அவ்வளவு வசதி உள்ள வீடு, தகப்பனார் பேர்பெற்ற டாக்டர், அதனால் முடிந்தது என்று சிலர் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. உண்மைதான். அந்தக் காலத்து டென்னிஸ் பணக்காரர் ஆட்டம். கிளப் வாசலில் நிற்கக்கூட நம்மவர்களை விடமாட்டார்கள். அதனால்தான் அடுத்த கதையைக் கோயம்புத்தூரிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். நடுவில் ஒன்றைத் தொட்டுவிட்டுப் போகிறேன்: 1971 விம்பிள்டனில் நிருபமா மன்கட் நம் சென்னை ஆனந்த் அமிர்தராஜுடன் சேர்ந்து கலப்பு இரட்டையர் ஆடினார். அந்த ஆனந்தும் அவர் தம்பி விஜய்யும் ஆடுவதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? அவர்கள் தாயார் மேகி அமிர்தராஜ் அட்டைப்பெட்டித் தொழில் நடத்திச் சம்பாதித்தார். தீப்பெட்டி செய்து பிள்ளைகளைப் படிக்கவைத்த ஊர்களில் இருப்பவர்கள் நீங்கள். பெட்டிக்கும் பிள்ளைக்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரியாததா?

கோயம்புத்தூர் நிருபமா வைத்தியநாதன். 1976இல் பிறந்தவர். தகப்பனார் வைத்தியநாதன் கிரிக்கெட் ஆடியவர். மகளுக்கு டென்னிஸ் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். சின்ன வயதிலேயே மகளின் கையில் மட்டையைக் கொடுத்து, தானே எதிரே நின்று பந்து போட்டார். 1998 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபன். இத்தாலியின் குளோரியா பிட்சிகினியை நிருபமா முதல் சுற்றில் வென்றார். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குக் கதவு திறந்த 1968க்குப் பிறகு, கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் ஒரு சுற்று வென்ற முதல் இந்தியப் பெண் இந்தக் கொங்குநாட்டுப் பெண்தான்.

அதே ஆண்டு டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டு. மகேஷ் பூபதியுடன் சேர்ந்து கலப்பு இரட்டையரில் வெண்கலம் வென்றார். அந்தப் போட்டிகள் நடந்துகொண்டிருந்தபோதுதான் அவருக்கு 22 வயது நிறைந்தது. 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் மனீஷா மல்ஹோத்ராவுடன் மகளிர் இரட்டையர் ஆடினார். முதல் சுற்றிலேயே ஆஸ்திரேலிய ஜோடியிடம் தோற்றார்கள். தோற்றதையும் சொல்ல வேண்டும். ஒலிம்பிக்கில் தோற்பதற்கே முதலில் ஒலிம்பிக் போக வேண்டும், இல்லையா?

இந்தப் பெண் பின்னாளில் தம் கதையை 'தி மூன்பாலர்' என்று புத்தகமாக எழுதினார். நாடு நாடாகத் தனியே பயணம் செய்த வாழ்க்கை அது. ஒரு வாரம் ஒரு ஊர், அடுத்த வாரம் வேறு ஊர். கூடவே பயிற்சியாளரை அழைத்துப்போகிற வசதி பெரிய நாட்டுப் பெண்களுக்கு இருந்தது; கோயம்புத்தூர்ப் பெண்ணுக்கு இல்லை. கோர்ட்டுக்குள் இரட்டையர், கோர்ட்டுக்கு வெளியே ஒற்றையர். இதுதான் நம் பெண்களின் நிலைமை. இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது.

பிறகு சானியா மிர்சா வந்தார். 2015இல் மார்ட்டினா ஹிங்கிஸுடன் சேர்ந்து விம்பிள்டன் மகளிர் இரட்டையர் பட்டத்தை வென்றார். முதல் செட்டை இழந்து, இரண்டாவதை டைபிரேக்கில் பிடித்து, மூன்றாவதை 7–5 என்று வாங்கினார்கள். அந்த ஆண்டுதான் அவர் இரட்டையரில் உலகின் முதலிடத்துக்கும் வந்தார். அந்தக் கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும், தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். நான் அதில் நேரம் செலவழிக்கப் போவதில்லை.

என் நேரத்தை இந்த ஊருக்குச் செலவழிக்க விரும்புகிறேன்.

இந்தக் கூட்டத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய தாய்மார்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களில் எத்தனை பேர் சின்ன வயதில் 'தீப்பெட்டி ஆபீசு'க்குப் போனவர்கள்? கை தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும். விடியுமுன் வண்டி வரும். தூக்குச்சட்டியில் கஞ்சியோ பழைய சோறோ. கட்டை அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, மருந்து வாடையோடு இருட்டின பிறகு வீடு திரும்புவது. அண்ணன் தம்பி பள்ளிக்கூட மைதானத்தில் மட்டையைப் பிடித்தபோது நீங்கள் குச்சியைப் பிடித்தீர்கள். எத்தனை வேகமான விரல்கள்! ஒரு சட்டத்தில் அத்தனை குச்சிகளையும் கண்மூடித் திறப்பதற்குள் அடுக்கிய அந்த விரல்களில் ஒரு மட்டையைக் கொடுத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று யாராவது கேட்டார்களா?

அந்தக் காலம் பெரும்பாலும் போய்விட்டது. இன்று உங்கள் மகள்களும் பேத்திகளும் பள்ளிக்கூடம் போகிறார்கள், கல்லூரி போகிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் சாயங்காலம் மைதானத்தில் யார் இருக்கிறார்கள்? போய்ப் பாருங்கள். ஏழாம் வகுப்புவரை பெண் பிள்ளைகள் ஓடுகிறார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியாகக் காணாமல் போகிறார்கள். ஏன் வரவில்லை என்று ஒரு சிறுமியைக் கேட்டேன். "செல்விய அவங்க வீட்டுல விடலை சார், நான் மட்டும் எப்படி வர்றது?" என்றாள்.

இதுதான் விஷயம், ஐயா! திறமை இல்லாமல் நிற்கவில்லை. மைதானம் இல்லாமல்கூட நிற்கவில்லை. பக்கத்தில் ஒருத்தி இல்லாமல் நின்றுவிட்டாள். ஒருத்தியை வீட்டில் நிறுத்தினால் இரண்டு பேரின் ஆட்டம் முடிகிறது. இரட்டையர் டென்னிஸிலும் விதி இதுதான்: ஒருத்தியால் ஆட முடியாமல் போனால் மற்றவளும் வெளியேற வேண்டியதுதான், தனியாக ஆட அனுமதி கிடையாது.

கோவில்பட்டியில் செயற்கை இழை ஹாக்கி மைதானம் இருக்கிறது. அகில இந்திய அளவில் போட்டி நடக்கிற ஊர் அது. நம் பள்ளிக்கூடங்களில் இறகுப்பந்துக்கும் கோகோவுக்கும் கபடிக்கும் இடம் இருக்கிறது. டென்னிஸ்தான் ஆட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எந்த ஆட்டமானாலும் சரி.

ஆகவே இந்த மேடையிலிருந்து மூன்று பேரிடம் கேட்டுக்கொள்கிறேன். தலைமையாசிரியர்களே, வாரத்தில் மூன்று நாளாவது மாலை நாலரையிலிருந்து ஆறு மணிவரை மைதானத்தைப் பெண் பிள்ளைகளுக்கென்று ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் ஆண் பிள்ளைகள் கிரிக்கெட் ஸ்டம்பை நட்டுக்கொண்டு இடத்தைப் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊராட்சி, பேரூராட்சிப் பெரியவர்களே, மைதானத்துக்கு வெளிச்சமும் ஒரு சுத்தமான கழிப்பறையும் தண்ணீர்க் குழாயும் போட்டுக் கொடுங்கள். அது இல்லாமல் பெண்கள் வர மாட்டார்கள், வரச் சொல்வதும் நியாயமில்லை. தாய்மார்களே, நாளைக்கு உங்கள் மகளை அனுப்பும்போது தனியாக அனுப்பாதீர்கள். பக்கத்து வீட்டுக்குப் போய், "உங்க பிள்ளையையும் சேத்து அனுப்புங்க, நான் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வர்றேன்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். முடிந்தால் நீங்களும் அரைமணி நேரம் மைதானத்தில் நில்லுங்கள். மெக்நேருக்கு 43 வயது என்று சொன்னேனே, மறந்துவிடாதீர்கள்.